காலநிலை மாற்றம் பற்றி அரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள், என்ன சொன்னால் எடுபடும்?

வேளச்சேரி வாசு:

எல்லோருக்கும் வணக்கம். வேளச்சேரியில் மழைக்குத் தண்ணீர் நிற்கும் தெருக்களில் ஒன்றில் எங்கள் குடியிருப்பு. நான்கு மாடி, கீழே பாதி கார் நிறுத்தம், பாதி தரைத்தள வீடுகள். செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சங்கக் கூட்டம். மழைக்கு முன்னால் வழக்கமாக நடப்பதுதான், சம்ப் கழுவுவது, மோட்டாரை உயர்த்தி வைப்பது, பராமரிப்புப் பணம் கட்டாதவர் பட்டியல் என்று போகும். இந்த முறை செயலாளர் என்னைப் பிடித்து, "நீதான் எப்பப் பாத்தாலும் கிளைமேட் கிளைமேட்னு குழுவுல போடுறியே, அரை மணி நேரம் தர்றேன், வந்து பேசு, அதுக்கு மேல போனா மைக்கை வாங்கிடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

கேட்கப்போகிறவர்கள் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற வங்கிக்காரர்கள், பொதுப்பணித்துறையில் இருந்த ஒரு பொறியாளர், ஐடி தம்பதிகள், தரைத்தளத்தில் தனியாக இருக்கும் ஒரு வயதான அம்மா, கார் நிறுத்தத்தை ஒட்டிய அறையில் காவலாளி குடும்பம். காலநிலை மாற்றமே பொய் என்று சொல்லும் ஆள் இவர்களில் யாருமில்லை. "ஆமாம் சார், வெயில் முன்ன மாதிரியா இருக்கு" என்று தலையாட்டுவார்கள், அத்தோடு சரி. உருகும் பனிக்கட்டி மேல் நிற்கும் கரடி படத்தையோ, கடற்கரை முழுக்க நீலம் பூசிய "2050இல் சென்னை" வரைபடத்தையோ குழுவில் போட்டால் ஒரு கும்பிடு வரும், அடுத்த செய்தி "இன்று இட்லி மாவு கிடைக்கும்" என்று இருக்கும். கொஞ்சம் வாதாடுகிறவர்களிடம் இரண்டே பதில்தான். ஒன்று, "எல்லாம் ஏரியையும் சதுப்புநிலத்தையும் மூடி வீடு கட்டினதோட வினை, இதுல உலக வெப்பம் எங்கே வந்துச்சு". இன்னொன்று, "நான் ஏசியை அணைச்சா அமெரிக்காக்காரன் அணைப்பானா".

ஆனால் இதே ஆட்கள்தான் சிவப்பு எச்சரிக்கை என்று டிவியில் ஓடின கொஞ்ச நேரத்தில் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்துகிறார்கள். அதற்கு யாரும் விழிப்புணர்வு வகுப்பு எடுக்கவில்லை, யாரும் கெஞ்சவும் இல்லை. அது எப்படி நடக்கிறது, மற்றது ஏன் நடக்க மாட்டேன் என்கிறது? 2015 வெள்ளத்தை ஞாபகப்படுத்திக் கொஞ்சம் பயமுறுத்தினால் எடுபடுமா, இல்லை காதை மூடிக்கொள்வார்களா? கடைசியில் எதைச் செய்யுங்கள் என்று கேட்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மழைக்கிறுக்கன்:

வாசு சார், 2015ஐத் தொடுவதாக இருந்தால் ஜாக்கிரதையாகத் தொடுங்கள். 2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கின 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது, அடையாறு ஊருக்குள் வந்தது, எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த மழையில் உலக வெப்பத்தின் கை இருக்கிறதா என்று தனியாக ஆராய்ந்த விஞ்ஞானிகள் அடுத்த வருஷம் வெளியிட்ட கட்டுரையில், அந்தத் தடயம் தெரியவில்லை என்றுதான் எழுதினார்கள். காற்றில் இருக்கும் தூசும் புகையும் சூட்டை ஓரளவு மறைத்துக்கொண்டிருப்பது அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றும் சொன்னார்கள். நீங்கள் மேடையேறி "2015 வெள்ளம் காலநிலை மாற்றத்தால் வந்தது" என்று ஒரே போடாகப் போட்டால், உங்கள் பொதுப்பணித்துறைப் பொறியாளர் உட்கார்ந்த இடத்திலேயே போனில் தேடிப் பிடித்துவிடுவார். அதற்கப்புறம் நீங்கள் சொல்கிற சரியான விஷயமும் ஏறாது.

ஏரிக்கட்சிக்காரர்களோடு சண்டையே போடாதீர்கள், அவர்கள் சொல்வது சரி. பெய்வது ஒரு கணக்கு, பெய்த தண்ணீர் போக வழியில்லாமல் செய்தது இன்னொரு கணக்கு, இரண்டும் ஒன்றையொன்று பெருக்கும். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். இது இயற்பியல், இதில் கட்சி இல்லை. அந்த ஈரம் மொத்தமாக இறங்கும்போது என்ன ஆகும் என்பதற்கு 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தைப் பாருங்கள், ஒரே நாளில் 95 செ.மீ. அந்த மழையையும் "இதனால்தான்" என்று முத்திரை குத்த வேண்டாம். "இப்படிப்பட்டவை அடிக்கடி வரும் என்று எதிர்பார்க்கிறார்கள், நம் வடிகாலோ பழைய மழைக்குக் கட்டியது" என்று சொன்னால் போதும். மூடின சதுப்புநிலம்தான் காரணம் என்பவரிடம், "அப்படியென்றால் மழை கூடக் கூட நமக்குத்தானே முதலில் அடி" என்று கேளுங்கள். அவரே உங்கள் பக்கம் வந்துவிடுவார்.

அடுத்து அந்த "நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம்" என்ற பேச்சு. 2015இல் வந்துவிட்டது, இனி 2115தான் என்று நிம்மதியாக இருப்பவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன், நன்றாகப் படித்தவர்கள். ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான் அதன் அர்த்தம். தாயக்கட்டைக்குப் போன ஆட்டத்தில் தாயம் விழுந்தது ஞாபகம் இருக்காது, அது மாதிரி. உங்கள் ஐடி தம்பதிகளுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டுமென்றால் வீட்டுக்கடனைப் பிடியுங்கள். கடன் 20 வருஷம் என்றால், அது முடிவதற்குள் ஒருமுறையாவது அப்படி ஒரு வெள்ளம் வர 18 சதவீத வாய்ப்பு. 30 வருஷம் என்றால் 26 சதவீதம், அதாவது நாலில் ஒன்றுக்கும் கொஞ்சம் மேல். இதுவும் வானம் பழைய வானமாகவே இருந்தால்தான். "நூறு வருஷம்" என்றால் கொட்டாவி விடுகிற ஆள், "உங்க ஈஎம்ஐ முடியறதுக்குள்ள" என்றால் நிமிர்ந்து உட்காருவார்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எச்சரிக்கை சில தடவை பொய்க்கும். 2024 அக்டோபர் 16க்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தார்கள், சென்னையில் அன்று சொன்ன அளவு மழை இல்லை, ஊரே மீம் போட்டுச் சிரித்தது. அடுத்த மாசக் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறி அங்கே ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் கொட்டிவிட்டுப் போனது. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் இறங்கிச் செய். அவ்வளவுதான். சிவப்பு என்பது உங்கள் வாசலில் தண்ணீர் வரும் என்ற உத்தரவாதம் இல்லை. மேம்பாலத்தில் காரை விட்டு, மழை வராமல் போனால் ஒரு நடை வீண், அதை யாரும் பெரிய நஷ்டமாக நினைப்பதில்லை அல்லவா? மற்ற வேலைகளையும் அந்த மனநிலையில் செய்ய வைத்துவிட்டால் நீங்கள் ஜெயித்த மாதிரி.

நாகை செல்வி:

நான் வேதாரண்யம் பக்கம் மீனவக் கிராமங்களில் பேரிடர் வேலையில் இருக்கிறேன், கஜா புயலுக்கு முன்பிருந்தே. அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனால் வாசு சார் கேட்டது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. காரை ஏன் நகர்த்துகிறார்கள் என்றால், என்ன செய்வது, எங்கே, எப்போது என்பது மூன்றும் தெரியும், பக்கத்து வீட்டுக்காரர் செய்வது கண்ணுக்குத் தெரியும், செய்தால் பலன் அன்றைக்கே கிடைக்கும். "பூமியைக் காப்போம்" என்பதில் இதில் எது இருக்கிறது?

எங்கள் பக்கம் பழைய வழக்கம், துறைமுகத்தில் இத்தனாம் எண் கூண்டு ஏற்றினார்கள் என்று வானொலியில் சொல்வது. 1 முதல் 11 வரை எண் உண்டு. கப்பல் கேப்டனுக்கு ஒவ்வொரு எண்ணுக்கும் அர்த்தம் தெரியும், கரையில் இருக்கிறவருக்கு அது ஒரு எண், அவ்வளவுதான். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 வாக்கில் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையம் தொடங்கினபோது வேறு மாதிரி செய்தார்கள். நாளைக்கு அலை எத்தனை அடி எழும்பும், காற்று எந்தப் பக்கம் என்று மட்டும் கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னார்கள். இன்றைக்கும் அலை உயரம் சொன்னால் வலை தைத்துக்கொண்டிருப்பவர் கை நிற்கும், ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். புவி வெப்பமாதல் பற்றி ஏதாவது சொன்னால் ஊசி நிற்காது. நல்லவாடு கிராமத்தில் 2004 சுனாமி அன்று, சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து சொல்ல, தகவல் மையக் கதவை உடைத்து அதே ஒலிபெருக்கியில் கத்தி ஊரையே கிளப்பிவிட்டார்கள். சுனாமிக்கும் காலநிலைக்கும் சம்பந்தம் இல்லை, தெரியும். ஆனால் தினமும் அலை உயரம் சொல்லிப் பழகிய குரல் அது, அதனால்தான் நம்பினார்கள் என்பது என் கட்சி.

சொல்வது போய்ச் சேரவில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு 2017 ஒக்கி புயல். எச்சரிக்கை வருவதற்குள் கன்னியாகுமரி ஆழ்கடல் படகுகள் எத்தனையோ கிளம்பிப் போயிருந்தன. கரையில் என்னதான் அறிவித்தாலும் நடுக்கடலில் இருப்பவர் காதுக்கு வழியில்லை.

பயமுறுத்தலாமா என்று கேட்டீர்கள். பயம் கெட்டதில்லை, பயத்தோடு கையில் ஒரு வழியும் கொடுக்க வேண்டும். வழி இல்லாத பயம் வந்தால் மனிதர்கள் "நடக்கிறது நடக்கட்டும்" என்று சாமி மேல் போட்டுவிடுவார்கள், இல்லையென்றால் டிவியை மாற்றிவிடுவார்கள். வங்கதேசத்தைப் பாருங்கள். 1970 புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் செத்தார்கள். 1991இல் ஏறக்குறைய 1 லட்சத்து 38 ஆயிரம். 2007 சிடர் புயலில் சுமார் 3,400. கடல் அமைதியாகிவிடவில்லை, ஏழ்மையும் தீர்ந்துவிடவில்லை. 1972இல் தொடங்கின தன்னார்வலர் படை, அந்தந்த ஊர் ஆணும் பெண்ணும், கொடி ஏற்றி, கை ஒலிபெருக்கியில் கத்தி, வீடு வீடாகப் போய்ச் சொல்கிறார்கள். கூடவே ஓடிப்போய் ஒதுங்க மேடான கட்டடமும் கட்டி வைத்தார்கள். கட்டடம் இல்லாமல் கொடி மட்டும் இருந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

அதனால் ஒரு யோசனை. அரை மணி நேரத்தையும் நீங்களே பேசாதீர்கள். தரைத்தளத்து அம்மாவுக்கு ஐந்து நிமிஷம் கொடுங்கள். வெள்ளம் வந்த இரவு எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, எதைத் தூக்கினார், எதை விட்டார் என்று அவர் சொல்லட்டும். காவலாளியையும் பேச வையுங்கள், தண்ணீர் முதலில் எந்த மூலையில் ஏறும் என்று அவருக்குத்தான் தெரியும்.

கோபக்காரக் குமார்:

எல்லோரும் நல்லவர்களாகப் பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன். உங்கள் குடியிருப்பில் எத்தனை பேர் எல்ஈடி பல்பு மாட்டினாலும் வளிமண்டலத்துக்குத் தெரியாது. இந்தியாவில் ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு சராசரியாக 2 டன் கார்பன் டை ஆக்சைடு, அமெரிக்காவில் 14 டன் போல. அந்த வாதாடுகிற ஆள் கேட்கும் கேள்வியில் நியாயம் இருக்கிறது, அதை மழுப்பாதீர்கள். "உங்கள் கார்பன் காலடித்தடம் எவ்வளவு" என்று கணக்குப் போடும் விளையாட்டை 2000களின் நடுவில் ஊர் ஊராகப் பரப்பியதே பிபி என்கிற எண்ணெய் கம்பெனிதான். கிணறு தோண்டி விற்கிறவன் குற்றவுணர்ச்சியை மட்டும் நமக்குத் தள்ளிவிட்டான். "நடத்தை மாற்றம்" என்று யாராவது சொன்னாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, நடத்தை மாற வேண்டியது மாமியிடமா, அனுமதி கொடுக்கிறவரிடமா?

பேசத்தான் வேண்டும் என்றால் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைப் பேசுங்கள். 2022இல் ராம்சர் தளம், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம், என்று அறிவித்தாகிவிட்டது, அதைச் சுற்றி என்ன கட்டலாம் கட்டக்கூடாது என்பதில் இன்னும் இழுபறி. உங்கள் தெரு வடிகால் எந்தக் கால்வாயில் சேருகிறது, அங்கே தூர் வாரினார்களா என்று வார்டு கூட்டத்தில் போய்க் கேட்க பத்துப் பேர் கிளம்பினால் அது விழிப்புணர்வு. மற்றதெல்லாம் செல்ஃபி.

ஈபி ஓய்வு:

குமார் தம்பி, கோபம் நியாயம். ஆனால் மின்வாரியத்தில் காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன், மனிதர்கள் நடத்தையை மாற்றிக்கொள்ளவே மாட்டார்கள் என்பது உண்மையில்லை. தமிழ்நாட்டில் எந்த வீட்டு அம்மாவிடமும் கேட்டுப் பாருங்கள், "ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டக்கூடாது" என்பது மனப்பாடம். தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டுமில்லை, கீழே மலிவாக இருந்த சில யூனிட்டுக்கும் சேர்த்து விலை ஏறிவிடும். ரீடிங் எடுக்கும் தேதி நெருங்கினால் மீட்டர் பெட்டியைத் திறந்து எட்டிப் பார்த்து, 470 என்றால் அன்றிலிருந்து ஏசி கிடையாது, மின்விசிறிதான். இதை எந்தத் துண்டுப்பிரசுரமும் சாதிக்கவில்லை.

அதனால் கார்பனை விடுங்கள், பில்லைப் பேசுங்கள். ஏசியில் ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் அமைப்பு கணக்குச் சொல்கிறது. 2020 ஜனவரியிலிருந்து வீட்டு ஏசி எல்லாம் போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அந்த விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும், யாருக்கும் உபதேசம் செய்யவில்லை, பொத்தானை அழுத்தவில்லையென்றால் 24, அவ்வளவே.

இன்னொரு விஷயம், அக்கம்பக்கத்தோடு ஒப்பிடுவது. அமெரிக்காவில் பில்லோடு "உங்களைப் போன்ற வீடுகள் இவ்வளவு செலவழிக்கின்றன" என்று ஒரு தாள் வைத்து அனுப்பினார்கள், சராசரியாக 2 சதவீதம் குறைந்தது. பெரிய தொகை இல்லை, ஆனால் செலவு ஒரு காகிதம்தான். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கலிபோர்னியாவில் செய்து 2007இல் வெளியான ஒரு ஆய்வில், சராசரியைவிடக் குறைவாகச் செலவழித்தவர்கள் அந்தத் தகவலைப் பார்த்ததும் "ஓ, நாம்தான் கஞ்சத்தனம் பண்ணுகிறோமா" என்று ஏற்றிவிட்டார்கள். அவர்கள் தாளில் ஒரு சிரிக்கும் முகத்தை வரைந்து கொடுத்த பிறகு ஏறவில்லை. ஒரு சிரிப்பு முகம்! முப்பது வருஷ வேலையில் எங்களுக்கு இது தோன்றவில்லை. நீங்கள் அறிவிப்புப் பலகையில் வீடு வாரியாக யூனிட் போடுவதாக இருந்தால் பெயர் போடாதீர்கள், அடிதடியாகிவிடும். சராசரி மட்டும் போடுங்கள், அவரவர் பில்லை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும், குறைவாக உள்ளவருக்கு ஒரு சபாஷ்.

அப்புறம் குமாருக்கும் பிடிக்கக்கூடிய ஒன்று. பிரதமர் சூரிய வீடு திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. தனி வீட்டுக்கு அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் என்பது எல்லோருக்கும் தெரியும். குடியிருப்புச் சங்கங்களுக்குப் பொது இணைப்புக்கு, அதாவது லிஃப்ட், மோட்டார், வராந்தா விளக்குக்கு, கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஒருவர் தனியாகச் செய்ய முடியாது, சங்கம் கூடித் தீர்மானம் போட்டால்தான் ஆகும். கூட்டத்தில் கேட்கச் சரியான சரக்கு இது. மழையை வைத்து ஆரம்பித்து மொட்டை மாடியில் கொண்டுபோய் முடிக்கலாம்.

தண்டையார்பேட்டை தாரா:

எல்லோரும் மழை மழை என்றே பேசுகிறீர்கள், கார் வைத்திருக்கிறவர்களின் கவலை அது. நான் செவிலியர். ஏப்ரல், மே மாசத்தில் எங்களிடம் வருகிறவர்களைப் பார்த்தால் வேறு கதை தெரியும். மயக்கம், சிறுநீர் எரிச்சல், கால் தசை இழுத்துக்கொள்வது, வேலை செய்து கொண்டிருக்கும்போதே விழுந்துவிடுவது. யாரும் "வெப்பம்" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை, "சரியா சாப்பிடலைம்மா, அதான்" என்பார்கள்.

கடலோரத்தில் வெப்ப அலை என்று வானிலைத் துறை அறிவிக்க 37 டிகிரியையாவது தொட வேண்டும், அதோடு வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடியிருக்க வேண்டும். சென்னையில் மே மாசம் வழக்கமே அதை ஒட்டித்தான் இருக்கிறது, அதனால் அறிவிப்பு அபூர்வம். அறிவிப்பு இல்லை என்பதற்காக உடம்புக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தமா? இங்கே காற்றில் ஈரம், வியர்வை காயாது, காயாத வியர்வை உடம்பைக் குளிர வைக்காது. ராத்திரியும் இறங்காது. தகரக் கூரைக்கு அடியில் தூங்குகிறவர் காலையில் எழுந்திருக்கும்போதே களைத்துப்போய்த்தான் எழுந்திருக்கிறார். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் என்று சொன்னது, நல்லது. ஆனால் இறப்புக்கு வெப்பம்தான் காரணம் என்று எழுதினால்தானே அது கிடைக்கும்.

அகமதாபாத்தில் 2010 மே மாச வெயிலில், வழக்கமான சாவுகளைவிட 1,344 சாவுகள் கூடுதல் என்று பின்னால் கணக்கெடுத்தார்கள். அப்போது ஊருக்கே அது தெரியாது, பிணவறையில்தான் தெரிந்தது. 2013இல் அவர்கள் போட்ட திட்டத்தில் என்ன பெரிய விஞ்ஞானம்? முன்னாளே நிறம் சொல்லி எச்சரிக்கை, செவிலியருக்கும் ஆம்புலன்ஸ்காரருக்கும் பயிற்சி, தெருவில் தண்ணீர், வேலை நேரம் மாற்றம். ஒவ்வொன்றிலும் யார் என்ன செய்வது என்று இருந்தது. செல்வி அக்கா சொன்னதேதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தினர் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்துச் சொன்னது, கடும் வெப்பத்தில் வேலை செய்பவர்களுக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறப்பது போன்ற ஆபத்து இரண்டு மடங்கு. உங்கள் கூட்டத்தில் கட்டட வேலைக்கோ உப்பளத்துக்கோ போகிறவர்கள் இருக்க மாட்டார்கள், ஆனால் உங்கள் வீட்டு வேலைக்கு வருகிற பெண் பேருந்து மாறி, நடந்து, மதியம் பன்னிரண்டு மணிக்கு மொட்டை மாடியில் துணி காயப்போடுகிறாள். அவளை வேலைக்கு வைத்திருக்கும் ஆட்கள்தான் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் கேளுங்கள்: ஏப்ரலில் இருந்து ஜூன் வரை வேலை நேரத்தைக் காலை பத்துக்குள் முடிக்கிற மாதிரி மாற்றுங்கள், டெலிவரி பையனை லிஃப்ட்டில் விடுங்கள் (பல இடத்தில் இன்னும் விடுவதில்லை, வெட்கக்கேடு), வாசலில் குடிதண்ணீர் வையுங்கள், காவலாளி அறைக்கு மேலே வெள்ளைப் பூச்சு அடியுங்கள். யாராவது குழறிப் பேசினால், நிதானம் தப்பினால், தோல் கொதித்தால் நிழலுக்குக் கொண்டுவந்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள், நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். இதைப் பெரிய எழுத்தில் லிஃப்ட்டுக்குள் ஒட்டிவிட்டால் உங்கள் அரை மணி நேரம் வீணில்லை.

வேளச்சேரி வாசு:

இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. படித்துவிட்டு இப்படி யோசித்திருக்கிறேன், திருத்துங்கள். கரடி படம், 2050 வரைபடம் எல்லாவற்றையும் தூக்கிவிட்டேன். முதலில் தரைத்தளத்து அம்மா, பிறகு காவலாளி. பிறகு நான் வீட்டுக்கடன் கணக்கும் எச்சரிக்கை நிறங்களும், 2015ஐ யார் தலையிலும் கட்டாமல். அடுத்து மூன்று விஷயம் மட்டும் கேட்கப்போகிறேன்: ஆரஞ்சு வந்தால் யார் தரைத்தளத்துச் சாமான்களைத் தூக்க வருவது, யார் மோட்டார் பலகையின் மெயினை அணைப்பது என்று பெயர் எழுதுவது, மொட்டை மாடி சூரியத் தகட்டுக்குத் தீர்மானம், கோடையில் வேலைக்காரர் நேரம். வடிகால் பற்றி வார்டு கூட்டத்துக்குப் போகக் கடைசியில் கை தூக்கச் சொல்லலாமா? குமார், இது செல்ஃபியா?

கோபக்காரக் குமார்:

வடிகாலைக் கடைசியில் வைத்தால் எல்லோரும் காபிக்கு எழுந்துவிடுவார்கள். பெயர் எழுதும்போதே அதற்கும் இரண்டு பெயர் வாங்கிவிடுங்கள். கை தூக்குவது வேண்டாம், தூக்கின கையை யாரும் மறுநாள் அடையாளம் காட்ட முடியாது. மற்றபடி பரவாயில்லை, செல்ஃபி கொஞ்சம்தான்.

மழைக்கிறுக்கன்:

வீட்டுக்கடன் கணக்கில் "18 சதவீதம்" என்று மட்டும் சொல்லாதீர்கள், "இந்த மாதிரி நூறு தெருவில் 18 தெரு" என்று யாராவது புரிந்துகொள்வார்கள். "அடுத்த 20 வருஷத்துக்குள் இந்தத் தெருவுக்கு" என்று முழுசாகச் சொல்லுங்கள். பொறியாளர் கேள்வி கேட்டால் அவரிடமே மைக்கைக் கொடுங்கள், வடிகாலைப் பற்றி அவருக்கு உங்களைவிடத் தெரியும்.

நாகை செல்வி:

பெயர்ப் பட்டியலில் ஒரு ஆளுக்கு மாற்று ஆளும் போடுங்கள், மழை அன்று முதல் ஆள் ஆபீசில் மாட்டிக்கொண்டிருப்பார். மெயினை அணைக்கப்போகிறவருக்குப் பலகை எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் என்று கூட்டம் முடிந்த கையோடு கீழே கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள். ஒருமுறை செய்து பார்த்தவர்தான் இருட்டில் செய்வார்.

தண்டையார்பேட்டை தாரா:

வாசு சார், செப்டம்பர் கடைசி ஞாயிறு சாயங்காலம் என்றா போட்டிருக்கிறீர்கள்? அது நவராத்திரி. வீட்டுக்கு வீடு கொலு, சுண்டல், பெண்கள் ஒருத்தர் வர மாட்டார்கள், கோடை நேரத்தை மாற்றுவது பற்றி முடிவெடுக்கப்போகிறவர்களே அவர்கள்தான். காலை பதினொரு மணிக்கு மாற்றச் சொல்லி இன்றைக்கே செயலாளரைப் பிடியுங்கள்.